மிதியை அழுத்தியதும் கன்சோலுக்குள் நடப்பது

தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் மேசையிலுள்ள கன்சோலில், அதாவது பல ரேடியோக்களை ஒரே இடத்திலிருந்து கேட்டுப் பேசும் கருவியில், எட்டுப் பத்து சேனல்கள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கும். ஒன்றில் எரியும் கட்டடத்துக்குள் நிற்கும் வீரர், இன்னொன்றில் ஆம்புலன்ஸ் ஓட்டுநர், மற்றொன்றில் காவல் ரோந்து. அத்தனை குரலும் வருவது இரண்டே ஸ்பீக்கரில்: தேர்ந்தெடுத்த சேனல் ஒன்றில், மீதி எல்லாம் மற்றதில். குரலைப் பெருக்குவது சுலபம். போகக் கூடாத இடத்துக்கு அது போகாமல் பார்த்துக்கொள்வதுதான் கன்சோலின் ஒலிச்சுற்றுக்குப் பெரும்பாடு.

ரேடியோ செட் பெரும்பாலும் அந்த அறையில் இருக்காது. மலை உச்சியிலோ உயரமான கட்டடத்தின் மாடியிலோ ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கிருந்து கன்சோல்வரை நெடுங்காலம் ஓடியது, தொலைபேசி நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த ஒரு ஜோடி செம்புக் கம்பி. பல கிலோமீட்டர் வரும் கம்பி, வழியிலுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் வாரிக்கொண்டு வரும். அதற்கு மருந்து சமநிலை இணைப்பு. குரல் ஒரு கம்பியில் ஏறும்போது மற்றதில் இறங்கும். இரைச்சல் மட்டும் இரண்டிலும் ஒன்றாகவே ஏறி இறங்கும். கன்சோலின் வாசலில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் உள்ளே விடும்.

ஒருமுறை ஒரு கன்சோலில் 'ம்ம்ம்' என்ற ஓசை விடாமல் கேட்டது. ஆம்ப்ளிஃபயரை மாற்றியும் போகவில்லை. கடைசியில் பார்த்தால், மைக் கேபிளின் உலோக உறையை இரண்டு முனையிலும் எர்த் செய்திருந்தார்கள். இரண்டு எர்த்துக்கும் நடுவே அந்த உறை வழியாக மின்னோட்டம் சுற்றியதுதான் ஓசைக்குக் காரணம். ஒரு முனையைக் கழற்றினேன், ஸ்பீக்கர் அடங்கிவிட்டது.

மைக்கில் வரும் குரலும் சீராக இருக்காது. ஒருவர் மைக்கைக் கடிப்பதுபோல் பேசுவார், இன்னொருவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேசுவார். இதைச் சமன்செய்யும் சுற்றுக்குக் கம்ப்ரசர் என்று பெயர். நல்ல கம்ப்ரசர், 30 டெசிபல், அதாவது மின்னழுத்தத்தில் சுமார் 32 மடங்கு, ஏறி இறங்கும் குரலை 3 டெசிபலுக்குள் அடக்கிவிடும். உரத்த குரல் வந்ததும் சட்டென்று குறைக்க வேண்டும். திரும்ப ஏற்றும்போது நிதானமாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் இரண்டு சொல்லுக்கு நடுவே அறையின் மின்விசிறிச் சத்தம் பொங்கி வரும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம், சேனல்களை ஒன்றாகக் கலக்கும் சுற்று. ஒவ்வொரு சேனலும் ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) வழியாக, ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சில்லின் எதிர் உள்ளீட்டில் வந்து சேரும். ஆப்-ஆம்ப் தன் வெளியீட்டிலிருந்து பின்னூட்டம் கொடுத்து, அந்தப் புள்ளியை ஏறத்தாழ பூஜ்ய வோல்ட்டிலேயே பிடித்து வைத்திருக்கும். எந்தச் சேனல் எவ்வளவு கத்தினாலும் புள்ளி அசையாது. அசையாத புள்ளியிலிருந்து பக்கத்துச் சேனலுக்குக் குரல் எப்படித் திரும்பிப் போகும்? வெறும் ரெசிஸ்டர்களை வைத்துக் கலந்தால், காவல் சேனலின் பேச்சு தீயணைப்பு லைனில் மெல்லக் கசியும்.

பேசுவதற்காக மிதி சுவிட்சை அழுத்தியதும் கன்சோல் முதலில் தன் ஸ்பீக்கரின் வாயை அடைக்கும். இல்லாவிட்டால் ஸ்பீக்கர் ஒலி மைக்கில் புகுந்து, மறுபடி ஸ்பீக்கருக்கே வந்து ஊளையிடும். பக்கத்து மேசையில் அதே சேனல் திறந்திருந்தால் அதையும் அடைக்க வேண்டும்.

அடுத்து, தொலைவில் உள்ள டிரான்ஸ்மிட்டரை இயக்க வேண்டும். முன்பு அதே கம்பியில் சில மில்லிஆம்பியர் நேர்மின்னோட்டம் அனுப்பினார்கள். தொலைபேசி நிறுவனங்கள் வெறும் செம்புக்குப் பதில் பல பேச்சுகளை ஒன்றாக ஏற்றும் கருவிகளை வைத்தபோது நேர்மின்னோட்டம் வழியிலேயே நின்றுபோனது. குரல் போகும் வழியில் போகக்கூடியது குரல் போன்ற ஒன்றுதான். ஆகவே கட்டளையையும் ஒலியாக்கினார்கள். அமெரிக்காவில் பரவலாக இருந்த முறையில், முதலில் 2175 ஹெர்ட்ஸில் உரத்த தொனி 120 மில்லிவினாடி; பிறகு 10 டெசிபல் தணிந்து, 'பேசு' என்று சொல்லும் 1950 ஹெர்ட்ஸ் தொனி 40 மில்லிவினாடி. அதன்பின் மிதியை விடும்வரை குரலுக்கு அடியில் அதே 2175, முதலில் ஒலித்ததைவிட 30 டெசிபல் தணிந்து ஓடிக்கொண்டிருக்கும். அது நின்றால் டிரான்ஸ்மிட்டரும் நின்றுவிடும். கோபுரத்தடியில் ஒரு குறுகிய வடிகட்டி அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் கழித்துவிடுவதால், வண்டியில் கேட்பவர் காதுக்கு அது எட்டாது. வடிகட்டி சற்றே விலகினாலும் பேச்சுக்குப் பின்னால் மெல்லிய சீழ்க்கை தொடரும்.

ஆனால் அந்த முதல் 160 மில்லிவினாடிக்குக் குரலுக்கு வழியில்லை. ஏறக்குறைய ஓர் அசையின் நேரம் அது. மிதியை அழுத்திய கையோடு பேசினால் முதல் அசை வெட்டுப்படும். கதவு எண் நாற்பதா, ஐம்பதா, எண்பதா? தலை போனபின் எல்லாமே 'பது' என்றுதான் வண்டியில் கேட்கும். பழகியவர்கள் மிதியை அழுத்தி, அரை மூச்சு விட்டு, அதன் பிறகே வாய் திறப்பார்கள்.