மூடிக் கிடக்கும் டேனரிக்குள் கேமரா: வெளிச்சம், உப்பு, குரோமியம்

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பழைய வடஆற்காட்டில் எந்தப் பக்கம் போனாலும் பூட்டிக் கிடக்கும் டேனரி (தோல் பதனிடும் ஆலை) ஒன்றாவது கண்ணில் படும். உள்ளே போய் நின்றால் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது: ஜன்னலுக்கு வெளியே சீமைக்கருவேலம், மூலையில் ஆள் உயரத்தைத் தாண்டிய, தோலைப் போட்டுச் சுழற்றும் மர டிரம். படம் எடுத்துப் பார்த்தால் ஜன்னல் வெளுத்துப் போயிருக்கும். இல்லாவிட்டால் டிரம் கரிக்கட்டையாக இருக்கும்.

கேமரா கெட்டுப்போகவில்லை. ஜன்னலைப் பார்க்கும்போது ஒரு மாதிரியும் மூலையைப் பார்க்கும்போது வேறு மாதிரியும் கண் தன்னை மாற்றிக்கொள்கிறது. மூளை இரண்டையும் ஒட்டிக் காட்டுகிறது. கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சாருக்கு ஒரே பார்வைதான். வெளியே உச்சி வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு). இருண்ட மூலையில் 25 லக்ஸ் இருந்தால் வித்தியாசம் 4,000 மடங்கு. வெளிச்சம் ஒருமுறை இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப். அந்தக் கணக்கில் இது 12 ஸ்டாப். சுண்ணாம்பு அடித்த சுவருக்கும் கறுத்த மரத்துக்கும் நடுவே இன்னொரு 4 ஸ்டாப், மொத்தம் 16. நல்ல சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலே 12 முதல் 14 ஸ்டாப்தான் தாங்கும், அதிலும் இருட்டுப் பக்கத்து அடி ஸ்டாப்புகள் புள்ளி புள்ளியாக இருக்கும். சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் அவ்வளவுகூடத் தாங்காது.

அதனால் ஒரே கோணத்தில் பல படங்கள் எடுத்து இணைக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) எஃப் 8 என்று வைத்தால் வெயிலுக்கு 1/400 நொடி போதும். அங்கிருந்து இரண்டிரண்டு ஸ்டாப்பாக இறங்குங்கள்: 1/100, 1/25, 1/6, 0.6, 2.5, 10 நொடி. மொத்தம் 7 படம். வெளிச்ச அளவை மாற்றி மாற்றித் தானே படம் எடுக்கும் கேமராவின் பிராக்கெட்டிங் 3 படத்தோடு நின்றுவிட்டால் மீதியை ஷட்டர் வேகத்தைக் கையால் மாற்றி எடுக்கலாம். அப்பர்ச்சரை மட்டும் தொடக் கூடாது. தொட்டால் படத்துக்குப் படம் கூர்மையின் ஆழம் மாறி, இணைக்கும்போது ஓரங்கள் ஒட்டாது. ஃபோகஸ் மேனுவலில், டைமர் 2 நொடியில், டிரைபாடில் இருக்கும்போது லென்ஸின் அசைவைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசர் அணைந்து இருக்கட்டும். இணைத்த பிறகு மூலையை வெளிச்சம் போட்டுத் துலக்க ஆசை வரும். வேண்டாம், இருட்டு மூலை இருட்டாக இருந்தால்தான் ஷெட் ஷெட்டாகத் தெரியும்.

படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) ஆட்டோவில் விடாதீர்கள். பகல் வெளிச்சத்துக்கான 5,500 கெல்வினில் நிறுத்துங்கள். இந்தக் கட்டடங்களில் நிறம்தான் விஷயத்தைச் சொல்கிறது. தோல் பதனிடப் பயன்படும் மூன்று இணைதிறன் குரோமியத்தின் கறை நீலப்பச்சை. மழைக்குப் பிறகு தரையிலோ சுவரடியிலோ பளிச்சென்ற மஞ்சள் பூத்திருந்தால் அது ஆறு இணைதிறன் குரோமியமாக இருக்கலாம், புற்றுநோய் உண்டாக்குவது. அந்த மஞ்சளை ஆட்டோ சாம்பலாக மங்கடித்துவிடும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுப்போன கழிவு மட்டும் லட்சம் டன்னுக்கு மேல். அப்படிப்பட்ட இடத்துக்குள் எந்தப் படத்துக்காகவும் போகக் கூடாது.

ஓட்டுச் சந்தில் விழும் ஒளிக்கற்றையைப் பிடிக்கத்தான் பலரும் காலையிலேயே வருகிறார்கள். கற்றை பக்கவாட்டில் நிற்பவருக்குத் தெரியக் காரணம், காற்றில் மிதக்கும் தூசு ஒளியைச் சிதறடிப்பது. கற்றை எவ்வளவு அழகோ அவ்வளவு தூசு நுரையீரலுக்குள் போகிறது என்று அர்த்தம். என்95 முகக்கவசம் கட்டாயம். கற்றைக்காகத் தரையைக் காலால் கிளறுவது கூடவே கூடாது.

அடுத்தது உப்பு. பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வரும். வருஷக்கணக்கில் கரைந்த உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கி, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் தளத்தின் அடிப்பாகம் பாளம் பாளமாக உதிர்கிறது. கீழே நின்று அண்ணாந்து பாருங்கள்; கம்பி வெளியே தெரிந்தால் மாடிக்கு ஏறாதீர்கள்.

சுண்ணாம்புத் தொட்டிகள்தான் மிக மோசமானவை. மழைத்தண்ணீர் நிறைந்து சருகு மூடினால் தொட்டி தரை மாதிரியே இருக்கும். ஒரு கழியால் தட்டிக்கொண்டே நடக்க வேண்டும். மயிர் நீக்கப் போட்ட சல்ஃபைடு அடிச்சேற்றில் இருக்கும். கிளறினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு எழும்பும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் பள்ளத்திலேயே தங்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்து சட்டென்று நின்றால் வாயு போய்விட்டதாக நினைக்காதீர்கள்: பத்து லட்சத்தில் 100 பங்கு அளவிலேயே மூக்கு மரத்துப்போகும். தாழ்ந்த கோணம் வேண்டுமென்றால் கேமராவை மோனோபாடில் (ஒற்றைக்கால் தாங்கியில்) கட்டி இறக்குங்கள், ஆள் இறங்க வேண்டாம்.

பூட்டியிருந்தாலும் இடத்துக்கு உரிமையாளர் உண்டு. அனுமதி வாங்கி, வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, இரண்டு பேராகப் போங்கள். வெளியே வந்ததும் டிரைபாட் காலை ஈரத்துணியால் துடையுங்கள், வாயால் ஊத வேண்டாம். உப்பு ஒட்டியிருந்தால் அலுமினியம் அரித்துவிடும். செருப்பையும் அங்கேயே கழற்றித் தனிப் பையில் போட்டுக் கட்டுங்கள்.