துருவைத் தேய்க்காதீர்கள்: ஜப்பானிய வாள் வாங்க நினைப்பவர்களுக்கு

போன மழைக்காலத்தில், டோக்கியோவில் வேலை பார்க்கும் நம் ஊர்த் தம்பி ஒருவர் ஒரு வாளைக் குளியல் துண்டில் சுற்றிக் கடைக்கு எடுத்து வந்தார். இணைய ஏலத்தில் எடுத்ததாம். "நல்லா சுத்தம் பண்ணி வச்சிருக்கேன் அண்ணா, பாருங்க" என்றார். மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துப் பிடியைக் கழற்றினேன். பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதி புது எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னியது. "ரெண்டு நாள் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். அவ்வளவு துரு!" என்று பெருமையாகச் சொன்னார். எனக்குப் பேச்சே வரவில்லை.

நான் வாள்கொல்லன் இல்லை. பழைய வாள்கள் விற்கும் கடையில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மொழிபெயர்ப்பதும், ஏற்றுமதிக் காகிதங்களைத் தயார் செய்வதும்தான் என் வேலை. ஆனால் பல வருடங்களாக தினமும் வாள்களோடு புழங்கியதில் ஒன்று தெரிந்துகொண்டேன். அலட்சியக்காரர்கள் கெடுத்ததைவிட ஆசைப்பட்டு வாங்கியவர்கள் கெடுத்த வாள்தான் அதிகம்.

அந்த அடிப்பகுதிக்கு நகாகோ என்று பெயர். கொல்லர் அதை வேண்டுமென்றே மெருகேற்றாமல் விடுகிறார். அரத்தால் வரி போட்டு, உளியால் பெயர் வெட்டி, அப்படியே துரு ஏற விட்டுவிடுவார். நூறு வருடத் துருவும் ஐநூறு வருடத் துருவும் பார்க்க ஒன்றாக இருக்காது. காலம் கூடக் கூட அது கறுத்து, இறுகி, எண்ணெய் மினுக்கோடு இரும்போடு இரும்பாகிவிடும். வாளின் வயதைக் கணிக்க அந்தத் துருவின் நிறம், அரவரியின் சாய்வு, ஆணித் துளைகளின் எண்ணிக்கை, எழுத்தை வெட்டிய விதம் எல்லாம் சாட்சி. தேய்த்தால் சாட்சி போச்சு. மறுபடி ஏறுவது செம்மண் நிறத்தில் புதுத் துருவாகத்தான் இருக்கும்.

சரி, வாங்கும்போது எதைப் பார்ப்பது? எல்லாரும் முதலில் கேட்பது "யார் செய்தது?" அடுத்த கேள்வி "எத்தனை பேரை வெட்டியது?" (இரண்டாவது கேள்விக்குச் சில வாள்களில் பதிலே இருக்கிறது. எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரை, மரண தண்டனை பெற்றவர்களின் சடலங்களில் வாளைச் சோதித்து, முடிவை நகாகோவில் தங்கத்தில் பதித்து வைத்தார்கள். அதைப் பார்த்த வாடிக்கையாளர் முகம் மாறுவதையும் பார்த்திருக்கிறேன்.) இந்த இரண்டு கேள்விகளையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

முதலில் வாளைக் கை நீட்டி நேராக நிறுத்தி, உருவத்தைப் பாருங்கள். வளைவு எங்கே ஆழமாக இருக்கிறது? பிஸென் என்ற மாகாணத்தில் செய்த பழைய வாள்களில் வளைவின் மையம் பிடிக்குப் பக்கத்தில் இருக்கும், முனைப் பக்கம் போகப்போக நிமிர்ந்துவிடும். குதிரைமேல் இருந்து வீசிய காலத்து உருவம் அது. 1660-களில் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், செய்தவை கிட்டத்தட்ட நேராக இருக்கும். பெயரே படிக்கத் தெரியாதவரும் உருவத்தை வைத்து நூற்றாண்டை ஓரளவு சொல்லிவிடலாம். நீளத்துக்கும் கணக்கு உண்டு. இரண்டு ஷாகு, அதாவது 60.6 செ.மீ.யும் அதற்கு மேலும் என்றால் கத்தானா. ஒன்றிலிருந்து இரண்டு ஷாகு வரை வாக்கிஸாஷி. அதற்கும் குறைந்தால் தான்தோ.

அப்புறம் இரும்பு. இதில்தான் நான் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடுவேன். அறை விளக்கை அணைத்து, ஒற்றை பல்பு மட்டும் எரியவிட்டு, வாளை அதன் கீழே மெல்லச் சாய்த்துப் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. ஒரு கோணத்தில் வாய் ஓரமாக, அதாவது வெட்டும் பக்கமாக, வெள்ளை மூடுபனி போல ஒரு கோடு எழும்பும். அதுதான் ஹாமோன். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் அந்தப் பனிக்குள் மணல்மணலாகப் பொறிகள் மின்னும். அதற்கு நியே என்று பெயர். கண்ணுக்குத் தனித்தனியாகப் பிடிபடாத அளவு பொடியாக இருந்தால் நியோய். ஹாமோனுக்கு மேலே இரும்பின் மேற்தோலில் பலகையில் ஓடும் மரவரி போல நெளிநெளியாக வரிகள் இருக்கும். இரும்பைப் பத்துப் பதினைந்து தடவை மடித்து மடித்து அடித்ததன் தழும்பு அது. நூறு தடவை மடித்த வாள் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். மடிக்க மடிக்க இரும்பில் கலந்திருக்கும் கரிமம் எரிந்து குறையும். அளவு மீறினால் வாயில் கூர் நிற்காது.

ஹாமோன் எப்படி வருகிறது என்று தெரிந்தால் போலியைப் பிடிப்பது சுலபம். களிமண், கரித்தூள், சாணைக்கல் தூள் மூன்றையும் குழைத்து வாளில் பூசுவார்கள். முதுகில் தடிமனாக, வாய்ப் பக்கம் மெலிதாக. உலையில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கும்போது மெலிதாகப் பூசிய பக்கம் சட்டென்று ஆறிக் கெட்டியாகும். முதுகு நிதானமாக ஆறி இளகியிருக்கும். அந்த ஒரு நொடியில்தான் வாளின் வளைவும் முழுமை பெறுகிறது. பல மாத வேலை விரிசல் விட்டு வீணாவதும் அதே நொடியில்தான். மலிவு நகல்களில் அமிலம் ஊற்றியோ கம்பித் தூரிகையால் தேய்த்தோ வெள்ளைக் கோடு வரைந்திருப்பார்கள். அது எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி தெரியும். உண்மையான ஹாமோன் வெளிச்சம் நகர்ந்தால் ஒளிந்துகொள்ளும். டோக்கியோ ரியோகோக்குவில் உள்ள வாள் அருங்காட்சியகத்துக்குப் போனால் கண்ணாடிப் பெட்டி முன்னால் ஆட்கள் முழங்காலை மடக்கி மடக்கி எழுவதைப் பார்க்கலாம். உடற்பயிற்சி இல்லை, வெளிச்சம் தேடுகிறார்கள்.

நம் ஆட்கள் தவறாமல் கேட்பது, "இது நம்ம ஊர் உருக்கு மாதிரியா?" இல்லை. நம் உருக்கு மூசையில் உருகி மெதுவாக ஆறியது. அதன் வரி இரும்புக்குள்ளேயே விளைந்தது. இங்கே இரும்பு மணலையும் கரியையும் மண் உலையில் மூன்று நாள் இரவு பகலாக எரித்து எடுக்கும் தமஹாகானே. ஷிமானே மாகாணத்து ஒகுஇஸுமோவில் 1977-இல் மறுபடி ஏற்றிய உலை இன்றும் குளிர்காலத்தில் எரிகிறது. வரி வந்தது சுத்தியலால்.

இப்போது பெயருக்கு வருவோம். பதினேழாம் நூற்றாண்டில் எடோவில் இருந்த வாள்கொல்லர் நகஸோனே கோதெட்சுவைப் பற்றி வாள் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு: கோதெட்சு என்று எழுதியிருந்தால் முதலில் போலி என்றே வைத்துக்கொள். அவர் வாழ்ந்த காலத்திலேயே அந்தப் பெயருக்கு அவ்வளவு கிராக்கி. பெயரே இல்லாவிட்டால் மட்டம் என்றும் அர்த்தமில்லை. நீண்ட பழைய வாள்களைப் பிற்காலத்தில் அடியிலிருந்து வெட்டிக் குறுக்கினார்கள். பெயர் அந்தத் துண்டோடு போய்விட்டது. புகழ்பெற்ற பழைய கொல்லர் மஸமுனேவின் பெயர் பொறித்த வாள் கிடைப்பதே அபூர்வம். அவருடையவை என்று மதிக்கப்படுபவற்றில் பெரும்பாலானவை பெயரில்லாதவை. நல்ல இரும்பில் வெட்டிய பொய்ப் பெயரைவிடப் பெயரில்லாத நல்ல வாள் எவ்வளவோ மேல்.

பெயரை நம்பாவிட்டால் எதை நம்புவது? 1948-இல் தொடங்கிய ஜப்பான் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் வாளைப் பரிசோதித்துச் சான்றிதழ் தருகிறது. ஹோஸோன், தொகுபெட்சு ஹோஸோன், ஜூயோ, தொகுபெட்சு ஜூயோ என்று கீழிருந்து மேலாக நான்கு படிகள். முதல் முறை வாங்குபவர் ஹோஸோன் இல்லாமல் வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. 1982-க்கு முந்தைய பழைய முறைச் சான்றிதழ்களும் சந்தையில் சுற்றுகின்றன. அவற்றில் சில சந்தேகத்துக்குரியவை. பெரிய பெயர் என்றால் மறுபரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

சான்றிதழ் வேறு, பதிவுச் சீட்டு வேறு. இதைக் குழப்பிக்கொண்டு வருபவர்கள் மாதம் இரண்டு பேராவது இருப்பார்கள். ஜப்பானில் வாள் வைத்திருப்பவருக்கு லைசென்ஸ் கிடையாது, வாளுக்குத்தான் பதிவு. மாகாணக் கல்வி வாரியம் தருகிற அந்தச் சீட்டில் நீளம், வளைவு, ஆணித் துளைகள், பெயர் எல்லாம் இருக்கும். அது வாளின் அசல் தன்மைக்கோ தரத்துக்கோ உத்தரவாதம் இல்லை. வாங்கியதும் 20 நாளுக்குள் சீட்டுக் கொடுத்த வாரியத்துக்கு உரிமை மாறியதைத் தெரிவிக்க வேண்டும். நீளத்தை அளந்து சீட்டோடு ஒப்பிடுங்கள். பொருந்தாத சீட்டோடு வந்த வாளை நானே பார்த்திருக்கிறேன். நாட்டை விட்டு எடுத்துப்போகக் கலாச்சார முகமையின் ஏற்றுமதிச் சான்று வேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஆகும். மறுநாள் விமானம் என்று சொல்லிக்கொண்டு வராதீர்கள். போகிற நாட்டின் சுங்க விதியையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

குறைகளில் ஒன்றுக்கு மட்டும் மன்னிப்பே இல்லை: ஹாகிரே. வாயிலிருந்து முதுகை நோக்கிக் குறுக்கே ஓடும் மயிரிழை விரிசல். வெறும் கண்ணுக்குத் தப்பிவிடும், பூதக்கண்ணாடி வேண்டும். மடிப்பில் விட்ட சிறு பிளவு, ஒரு கொப்புளத் தழும்பு இதெல்லாம் விலையைக் குறைக்கும், அவ்வளவுதான். பலமுறை சாணை பிடித்துத் தோல் தேய்ந்து உள்ளிரும்பு தெரியும் வாளைக் களைத்த வாள் என்பார்கள். கேட்கப் பாவமாக இருக்கும், ஆனால் வாங்க வேண்டாம். ஒவ்வொரு சாணையும் திரும்பி வராத ஒரு தோலை உரிக்கிறது. அதனால்தான் அந்த வேலையைத் தோகிஷி என்ற தனிக் கைவினைஞரிடம் மட்டும் விடுகிறோம். கத்திக்குச் சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் வாளின் கோணங்கள் மழுங்கிவிடும்.

கையாள்வதில் சில பழக்கங்கள். உறையிலிருந்து எடுக்கும்போது வாய் மேலே இருக்கட்டும். முதுகு உறையில் வழுக்கி வரும். வாளின் மேல் பேசாதீர்கள், எச்சில் தெறிக்கும். விரல் படவே கூடாது. ஒரு வாடிக்கையாளரின் கட்டைவிரல் ரேகை அடுத்த மாதம் சிவப்பாக, போலீஸ் ஸ்டேஷன் பதிவு மாதிரி அச்சாக வந்து நின்றது. சில மாதத்துக்கு ஒருமுறை பழைய எண்ணெயைத் துடைத்து, கண்ணுக்குத் தெரியாத அளவு மெலிதாகப் புதியது தடவினால் போதும். வீட்டில் வைக்க ஷிராசாயா என்ற வெறும் மர உறைதான் சரி. அதன் இரண்டு பாதிகளையும் சோற்றுப் பசையால் ஒட்டுகிறார்கள். நாம் பட்டம் ஒட்டியது போலத்தான். உள்ளே துரு வந்தால் உறையைப் பிளந்து சுத்தம் செய்து மறுபடி ஒட்டலாம். பலமான பசை போட்டால் மரம் கிழியும்.

அந்தத் தம்பியின் வாளைத் தோகிஷியிடம் காட்டினேன். அவர் நகாகோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு நான் செய்ய ஒன்றுமில்லை" என்றார். செயற்கையாகத் துரு ஏற்றிக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள், ஆனால் அது இன்னொரு பொய். ஹாமோன் நன்றாகவே இருந்தது. விளக்கை அணைத்து, வாளைத் தம்பி கையில் கொடுத்து, பல்புக்குக் கீழே பிடிக்கச் சொன்னேன். அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.