மேசைப்பந்து மட்டை: ஒரு மில்லிசெக்கனில் நடப்பது

திருகோணமலையில் மேசைப்பந்து பழகும் பிள்ளைகள், கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் மட்டையை விட்டுத் தமக்கென்று பலகையும் இறப்பரும் தனித்தனியாகத் தெரிந்து வாங்க நினைக்கும்போது, அநேகமாக எல்லோரும் முதலில் கேட்பது எது வேகமானது என்பதைத்தான். நானும் பதினேழு வயதில் அதே கேள்வியோடு கொழும்புக்குப் போய், காபன் இழை சேர்த்த பலகையும் மிகத் தடித்த ஸ்பொஞ்ச் கொண்ட இறப்பரும் வாங்கி வந்தேன். பலமாக அடித்த பந்துகள் பறந்தன; ஆனால் வலைக்கு அருகில் மெல்லத் தொட்டு வைக்கவேண்டிய பந்துகள் எல்லாம் மேலெழும்பி எதிராளிக்கு வாய்ப்பாகிப் போயின. மட்டையில் பழுது எதுவும் இல்லை. என் அடிக்கும் அதற்கும் பொருத்தம் இல்லை.

2.7 கிராம் எடையும் 40 மில்லிமீற்றர் விட்டமும் கொண்ட பந்து மட்டையைத் தொட்டு விலகும் நேரம் ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன். அதற்குள் பந்து நசிகிறது, இறப்பரும் ஸ்பொஞ்சும் அமுங்கி மீள்கின்றன, பலகை வளைந்து அதிர்கிறது. பந்து கொண்டுவந்த சக்தியில் ஒரு பங்கு பலகையின் அதிர்வாகப் போய்விடுகிறது. கைப்பிடியில் நாம் உணரும் தொடுகை அந்த அதிர்வுதான். விறைப்பான பலகை குறைவாக வளைவதால் அதில் இழக்கப்படும் சக்தியும் குறைவு, ஆகவே பந்து வேகமாகத் திரும்புகிறது. இந்தப் பண்பு நாம் பலமாக அடிக்கும்போது மட்டும் வேலை செய்வதில்லை, மெல்லத் தொடும்போதும் வேலை செய்கிறது என்பதைத்தான் நான் அன்று அறிந்திருக்கவில்லை.

பலகையின் விறைப்பு இரண்டு விடயங்களில் தங்கியிருக்கிறது: மரத்தின் இயல்பும் தடிப்பும். ஒரே மரத்தாலான பலகையின் விறைப்பு தடிப்பின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால், 5.5 மில்லிமீற்றர் பலகையை 6.6 மில்லிமீற்றராக்கினால், தடிப்பு ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே கூடினாலும் விறைப்பு ஏறத்தாழ 1.7 மடங்காகிவிடும். பெரும்பாலான பலகைகள் ஐந்து அல்லது ஏழு மரப் படைகளை ஒட்டிச் செய்யப்பட்டவை. நடுவில் அயூஸ் அல்லது கிரி போன்ற இலேசான மரமும், வெளியில் லிம்பா, கோட்டோ, ஹினோக்கி போன்றவையும் வரும். பலகையின் தடிப்பில் 85 வீதமாவது இயற்கை மரமாக இருக்கவேண்டும் என்பது சர்வதேச விதி. மிகுதியில்தான் காபன் போன்ற இழைப் படைக்கு இடமுண்டு. அந்த இழைப் படை நடு மரத்தை ஒட்டி இருக்கிறதா, வெளி மரப் படையின் கீழே இருக்கிறதா என்பது பெரிய வேறுபாட்டைத் தரும். வளையும் பலகையில் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறதோ அவ்வளவுக்கு ஒரு படை கூடுதலாக இழுபடும். ஆகவே வெளியில் வைத்த காபன் பலகையை மிகவும் விறைப்பாக்குகிறது. உள்ளே வைத்தால் மெல்லிய அடிகளில் மரப் பலகையைப் போலவே உணரப்படும்.

இதைக் காதாலேயே அறியலாம். இறப்பர் ஒட்டாத பலகையைக் கைப்பிடியில் இலேசாகப் பிடித்துக்கொண்டு பந்தை அதன் நடுவில் தட்டிப் பாருங்கள். விறைப்பான பலகை உயர்ந்த சுருதியில் 'டிக்' என்று ஒலிக்கும். நெகிழ்வானது தாழ்ந்து 'டொக்' என்னும். எங்கள் மண்டபத்தில் மூத்த அண்ணா ஒருவர் நான்கு பலகைகளை வரிசையாக வைத்துத் தட்டி, ஒலியைக் கொண்டே மெதுவானது முதல் வேகமானது வரை அடுக்கிக் காட்டினார். உறையில் அச்சிட்டிருந்த வேக எண்கள் அந்த வரிசையோடு ஒத்துப்போகவில்லை. அந்த எண்களை ஒவ்வொரு நிறுவனமும் தன் தன் அளவுகோலில் இடுவதால் அது வியப்பல்ல.

வேகத்தில் பலகைக்குப் பெரும் பங்கு என்றால், சுழலில் பெரும் பங்கு இறப்பருக்கு. வழக்கமான இறப்பரில் வழுவழுப்பான முகம் வெளியே இருக்கும், அதன் பின்புறத்துச் சிறு முனைகள் உள்ளே திரும்பி ஸ்பொஞ்சோடு ஒட்டியிருக்கும். பந்தை உரசி மேலே இழுக்கும்போது முகம் பந்தைப் பற்றிக்கொள்கிறது, அந்த முனைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுபடுகின்றன, பிறகு மீளும்போது பந்தைச் சுழற்றி விடுகின்றன. மேற்சுழல், அதாவது போகும் திசையிலேயே முன்னோக்கி உருளும் சுழல், கொண்ட பந்தைக் காற்று கீழ்நோக்கித் தள்ளுவதால், வேகமாக அடித்தாலும் பந்து மேசைக்குள் விழுகிறது. ஸ்பொஞ்ச் எவ்வளவு கடினமாக இருக்கவேண்டும் என்பது உங்கள் கைவீச்சைப் பொறுத்தது. கடின ஸ்பொஞ்சை மெதுவான வீச்சால் அமுக்க முடியாது. பந்து உள்ளே அமிழாமல் வழுக்கிப் போகும். மென்மையான ஸ்பொஞ்ச் சிறு வீச்சுக்கே இடங்கொடுக்கும், ஆனால் பலத்த அடியில் முழுவதும் அமுங்கிப் பந்து மரத்தை எட்டிவிடுவதால், அதற்கு மேல் கொடுக்கும் பலம் சுழலாக மாறாது. சீன ஆட்டக்காரர் பலர் ஒட்டும் தன்மையுள்ள முகமும் கடின ஸ்பொஞ்சும் கொண்ட இறப்பரை முன்கை (ஃபோர்ஹாண்ட்) அடிக்கும் பக்கத்தில் விரும்புவது, முழு உடலையும் சுழற்றி அடிக்கும் அவர்களுடைய வீச்சு அதை அமுக்கப் போதியது என்பதால்தான். அந்த வீச்சு இல்லாதவருக்கு அதே இறப்பர் உயிரற்ற பலகைபோல இருக்கும்.

1952இல் பம்பாயில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பானின் ஹிரோஜி சாத்தோ தடித்த ஸ்பொஞ்ச் மட்டையோடு ஆண்கள் ஒற்றையரை வென்றபோது, அடியின் ஓசை கேட்காததே எதிராளிகளைக் குழப்பியது. பின்னர் 1959இல் ஸ்பொஞ்சும் இறப்பரும் சேர்ந்த தடிப்புக்கு 4 மில்லிமீற்றர் என்று வரம்பிடப்பட்டது.

முனைகள் வெளியே நீண்டிருக்கும் இறப்பர், அதாவது லோங் பிம்பிள், இன்னொரு உலகம். அதன் நீண்ட முனைகள் மடிந்து வழுக்குவதால், வரும் பந்தின் சுழல் பெரும்பாலும் மாறாமல் அதே பக்கமாகச் சுழன்றுகொண்டே போகிறது. பந்து போகும் திசை மட்டும் திரும்பிவிடுவதால், எதிராளி தந்த மேற்சுழல் அவருக்கே பின்சுழலாகத் திரும்பிச் செல்கிறது. இரு பக்கமும் வெவ்வேறு இறப்பர் ஒட்டியும் நிறம் ஒன்றாகவே இருந்த காலத்தில் எந்தப் பக்கம் பட்டது என்று தெரியாமல் பலர் திண்டாடியதால்தான் 1986 முதல் ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் கறுப்பு என்றானது. 2021இலிருந்து சிவப்புக்குப் பதிலாக வேறு சில நிறங்களுக்கும் அனுமதியுண்டு.

ஆகவே, பழகத் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுக்குள் இருப்பவருக்கு ஐந்து படை மரப் பலகையும் 1.8 அல்லது 2.0 மில்லிமீற்றர் நடுத்தர ஸ்பொஞ்சும் போதும் என்பது என் உறுதியான கருத்து. மேசையோடு நின்று தடுத்துத் தட்டுபவருக்கு ஏழு படைப் பலகை உதவும். தூர நின்று வெட்டியாடுபவருக்கு மெதுவான, அகன்ற பலகையும் மெல்லிய ஸ்பொஞ்சும் வேண்டும். எடையையும் பாருங்கள்: 85 கிராம் பலகையில் இரண்டு தடித்த இறப்பர்கள் ஏறினால் 180 கிராமைத் தாண்டும், அது பதின்மூன்று வயதுக் கைக்கு அதிகம்.

எங்கள் ஊரின் காற்றுக்கும் இதில் பங்குண்டு. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பந்து அலையாதிருக்க யன்னல்களைச் சாத்திவிட்டு ஆடுவதால், வியர்வை பந்தில் படிந்து இறப்பருக்குப் போகிறது. கார்த்திகை, மார்கழி மழையில் இறப்பரின் முகத்திலேயே ஈரம் மெல்லிய படலமாகப் படியும். அந்தப் படலத்தில் பந்து பற்றாமல் வழுக்கி நேராக வலைக்குள் போகும். ஒவ்வொரு ஆட்டத்துக்கு இடையிலும் உலர்ந்த துணியால் துடைப்பதும், ஆடி முடிந்ததும் சிறிது நீரால் கழுவி மூடுதாள் ஒட்டி வைப்பதும் இங்கே கட்டாயம். புதிய இறப்பர் ஒட்டும்போது பூசும் நீர்ப்பசை முதலில் பால்போல வெண்மையாக இருந்து, காயும்போது கண்ணாடிபோலத் தெளியும். ஆடி மாதத்தில் அது விரைவாகத் தெளிந்துவிடும். மழைக்காலத்தில் ஓரங்களில் வெண்மை நெடுநேரம் நிற்கும். அது முற்றாக மறையும்வரை பொறுக்காமல் ஒட்டினால், ஈரம் உள்ளே அகப்பட்டு, சில நாட்களில் விளிம்பிலிருந்து இறப்பர் கிளம்பத் தொடங்கும்.