எண்ணெய் மிதந்தால் கெடாதா? புருஸ்கெட்டாவும் ஒரு பூண்டு ஜாடியும்

சென்ற மே மாதம், கத்திரி வெயில் நாள். வீட்டிலேயே சமைத்து விற்கும் பெண்களுக்காக நான் நடத்தும் உணவுப் பாதுகாப்பு வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பெரம்பூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் மட்டும் தயங்கி நின்றார். பையிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே ஆலிவ் எண்ணெய், அதில் முங்கிக் கிடக்கும் நறுக்கிய பூண்டு.

“மேடம், பசங்க பர்த்டே பார்ட்டிக்கு புருஷெட்டா ஆர்டர் நிறைய வருது. ஒவ்வொரு தடவையும் பூண்டு உரிச்சு மாளல. அதான் மொத்தமா நறுக்கி எண்ணெயில போட்டு வச்சுட்டேன். பத்து நாளாச்சு, வாசனை நல்லா ஏறியிருக்கு. இதையே தனியா பாட்டில்ல போட்டு விக்கலாம்னு பாக்குறேன். எக்ஸ்பைரி எத்தனை நாள் போடலாம்?”

புருஷெட்டா என்று அவர் சொன்னது, சுட்ட ரொட்டித் துண்டில் பூண்டைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெயும் தக்காளியும் சேர்த்துச் சாப்பிடும் இத்தாலியப் பண்டமான புருஸ்கெட்டாவை. ஜாடியை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன்.

“அடுப்பு மேடையிலதான். மேல எண்ணெய் நிக்குதுல்ல, கெடாது.”

திறக்க வேண்டாம், ருசி பார்க்கவும் வேண்டாம், மூடியபடியே ஒரு பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள் என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. நல்ல ஆலிவ் எண்ணெய் என்ன விலை விற்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் உணவு நுண்ணுயிரியல் படித்துவிட்டு இத்தனை வருடம் இதே வேலையில் இருக்கும் நான், அந்த ஜாடிக்கு ஒரு நாள்கூட எக்ஸ்பைரி எழுதித் தர முடியாது.

பூண்டு மண்ணுக்குள் விளைவது. மண்ணில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சாதாரணமாகவே இருக்கும். பூண்டோடு ஒட்டிக்கொண்டு அவை நம் வீட்டுக்கும் வரும். காற்றுப்படும் இடத்தில் அந்த வித்துகள் தூங்கிக்கொண்டே இருக்கும், நாம் அவற்றைச் சாப்பிட்டாலும் பெரியவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. காற்று இல்லாத, புளிப்பு இல்லாத, ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள இடம் கிடைத்தால்தான் முளைத்து, பெருகி, நஞ்சைச் சுரக்கும். எண்ணெய்க்குள் மூழ்கிய பூண்டுத் துண்டில் இவை நான்குமே இருக்கின்றன. எண்ணெய் காற்றை அடைத்துவிடுகிறது. பூண்டுக்குள் தண்ணீர் இருக்கிறது. அதன் பிஎச் 6-ஐ ஒட்டியது, அதாவது புளிப்பு மிகக் குறைவு (பிஎச் என்பது புளிப்பை அளக்கும் எண், அது இறங்க இறங்கப் புளிப்பு ஏறும்). வெதுவெதுப்புக்கு நம் ஊரில் குறையே இல்லை. இந்தக் கிருமியின் முக்கிய வகைகள் 35 முதல் 40 டிகிரி செல்சியஸில் மிக வேகமாக வளர்பவை. மே மாதத்துச் சென்னைச் சமையலறையில் அடுப்பு மேடையின் சூடு அதேதான்.

இது எங்கோ ஏட்டில் இருக்கும் ஆபத்து இல்லை. 1985-இல் கனடாவின் வான்கூவர் நகரத்தில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்கு இந்த நஞ்சு ஏறியது. காரணம், சோயா எண்ணெயில் போட்டுக் குளிரூட்டாமல் வைத்திருந்த நறுக்கிய பூண்டு. 1989-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் அதேபோல் எண்ணெயில் கிடந்த பூண்டால் செய்த கார்லிக் பிரெட்டைச் சாப்பிட்ட மூன்று பேர் பாதிக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான், கடையில் விற்கும் எண்ணெய்ப் பூண்டில் புளிப்புச் சேர்த்தே ஆகவேண்டும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் உத்தரவிட்டது.

இந்த நஞ்சால் வரும் பாட்டுலிசம் அரிய நோய்தான். ஆனால் வந்தால் இலேசில் விடாது. பெரும்பாலும் சாப்பிட்ட 12 முதல் 36 மணி நேரத்தில் கண் இமை தொங்கும், பார்க்கும் பொருள் இரண்டிரண்டாகத் தெரியும், நாக்குக் குழறும், விழுங்க முடியாது. தளர்ச்சி தலையிலிருந்து கீழே இறங்கி மூச்சுத் தசைகள் வரை போகும். காய்ச்சல் இருக்காது, நினைவும் தெளிவாகவே இருக்கும். இப்படி யாருக்காவது நேர்ந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், என்ன சாப்பிட்டார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நஞ்சு கலந்த எண்ணெயின் நிறமும் மணமும் ருசியும் மாறாமலே இருக்கலாம். “வாசனை நல்லா ஏறியிருக்கு” என்று அந்தப் பெண் சொன்னது உண்மை. மூக்கை நம்பி இதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அவர் அன்று விடவில்லை. நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார். “எங்க அத்தை போடுற பூண்டு ஊறுகாய் வருஷம் முழுக்க வெளியிலயே இருக்கு மேடம். அதுவும் எண்ணெயிலதான் மிதக்குது. அது கெடலையே?”

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. ஊறுகாயைக் காப்பது அதில் இருக்கும் புளி, எலுமிச்சைச் சாறு, உப்பு. பிஎச் 4.6-க்குக் கீழே போய்விட்டால் பாட்டுலினம் வித்து முளைக்காது. உப்பு தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கிருமியைத் தவிக்க விடும். மேலே நிற்கும் நல்லெண்ணெய் பூஞ்சை படராமல் காற்றைத் தடுக்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. நம் பாட்டிமார் புளியைக் குறைத்து எண்ணெயை மட்டும் கூட்டி ஊறுகாய் போட்டதில்லை. புளிப்பும் உப்பும் இல்லாமல் எண்ணெயை மட்டும் நம்புவது நம் மரபிலும் கிடையாது, இத்தாலிக்காரர் மரபிலும் கிடையாது.

இத்தாலியில் இந்தப் பண்டம் எப்படி வந்தது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பெயரை அவர்கள் ‘புருஸ்கெட்டா’ என்றுதான் சொல்கிறார்கள், ‘ஷ’ வராது. தணலில் சுடுவதைக் குறிக்கும் ‘புருஸ்காரே’ என்ற ரோமானியப் பேச்சுவழக்குச் சொல்லிலிருந்து வந்தது. நவம்பர் வாக்கில் ஆலிவ் பிழியும்போது, புது எண்ணெயை ருசி பார்க்க ஒரு ரொட்டித் துண்டைச் சுடுவார்கள். அதன் சொரசொரப்பான முகத்தில் பச்சைப் பூண்டுப் பல்லைத் தேய்த்து, எண்ணெயை ஊற்றி, உப்புத் தூவி அங்கேயே சாப்பிடுவார்கள். தஸ்கனிப் பக்கம் இதற்கு ‘ஃபெத்துந்தா’ என்று பெயர், எண்ணெய் தோய்ந்த துண்டு என்று பொருள். தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16-ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவுக்கே வந்தது, ஆகவே தக்காளி இதில் பின்னால் ஏறியதுதான். மூலச் செய்முறையில் பூண்டு எண்ணெய் என்ற ஒன்றே இல்லை என்பதைக் கவனியுங்கள். பூண்டு சூடான ரொட்டியில் தேய்கிறது, எண்ணெய் அந்த நொடியில் சேர்கிறது, உடனே வாய்க்குப் போகிறது. ஊறப்போட நேரமே இல்லை. ருசியும் இதில்தான் அதிகம், பூண்டின் காரம் மேலாகப் பட்டு மறையும்.

பூண்டு எண்ணெய்தான் வேண்டும் என்றால் அன்றைக்குத் தேவையானதை அன்றே செய்யுங்கள். மிஞ்சினால் உடனே ஃபிரிட்ஜில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள், அல்லது ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள். பூண்டைப் பொரித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், அந்த வித்துகள் தண்ணீர் கொதிக்கும் சூட்டையும் தாங்குபவை.

இனி தக்காளி. பூண்டை விட அடிக்கடி வயிற்றைக் கெடுப்பது இதுதான். காரணம், இந்தப் பண்டத்தில் தக்காளி அடுப்பையே பார்ப்பதில்லை. நம் சமையலில் தக்காளி எப்போதும் கொதிக்கும், அதனால் நறுக்கிய தக்காளியைப் பற்றி நாம் பயப்பட்டுப் பழகவில்லை. முழுத் தக்காளியின் தோல் ஒரு கவசம். கத்தி பட்டதும் சாறு வெளியே வந்து கிருமிக்குத் தீனியாகிவிடுகிறது. தக்காளி புளிப்புதான் என்றாலும், பேதியை உண்டாக்கும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவைத் தடுக்கும் அளவுக்குப் புளிப்பு அதில் இல்லை. அதனால்தான் 2007 முதல், நறுக்கிய தக்காளியையும் பால், இறைச்சி போலக் குளிரில் வைக்க வேண்டிய பண்டமாக அமெரிக்காவில் நடத்துகிறார்கள். 5 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். வெளியே இரண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம், அதற்கு மேல் கூடாது. சென்னையில் வருடத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு மணி நேரக் கணக்குதான்.

அண்ணா நகரில் ஓர் அடுக்குமாடி வீட்டு விழாவுக்குப் பிறகு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்குப் புருஸ்கெட்டாவுக்கான தக்காளி, வெங்காயம், இலை எல்லாம் நறுக்கிக் கலந்தாயிற்று. இரவு எட்டு மணிக்குப் பரிமாறினார்கள். மறுநாள் பல வீடுகளில் பேதி. மீதி எதுவும் பரிசோதனைக்கு மிஞ்சவில்லை, அதனால் இன்ன கிருமிதான் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அதே பலகையில் காலையில் கோழி நறுக்கியதாகச் சமையல்காரத் தம்பி சொன்னார். தண்ணீரில் ஓர் அலசு அலசியிருக்கிறார், அவ்வளவே. பச்சையாகச் சாப்பிடும் காய்க்குத் தனிப் பலகை, தனிக் கத்தி வைத்துக்கொள்ளுங்கள். அரிவாள்மனைதான் வசதி என்றால் அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகு முதலில் தக்காளியை நறுக்குங்கள், கறியைப் பிறகு பார்க்கலாம். பிடிதுணியால் பலகையைத் துடைக்காதீர்கள்.

கழுவுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வெயிலில் வாங்கி வந்த சூடான தக்காளியை நேராக ஐஸ் தண்ணீரில் போடாதீர்கள். உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும்போது காம்பு வடுவின் வழியே வெளித் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், கிருமியும் கூடவே போகும். குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு, ஒவ்வொன்றாகக் கையால் தேய்த்துக் கழுவிச் சுத்தமான துணியால் துடையுங்கள். லாரித் தண்ணீர், சம்ப் தண்ணீர் வரும் வீடுகளில் கடைசி அலசலுக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர் நல்லது. சோப்பு வேண்டாம். காம்பு வடுவைக் குடைந்து எடுத்துவிடுங்கள்.

கோயம்பேட்டில் இரண்டு தக்காளியும் கிடைக்கும். பெங்களூர் தக்காளி சதைப்பற்று, நறுக்கினால் நிற்கும், ஆனால் சப்பென்று இருக்கும். நாட்டுத் தக்காளியில் சாறும் புளிப்பும் அதிகம். நான் நான்கு பெங்களூர் தக்காளிக்கு ஒரு நாட்டுத் தக்காளி என்று சேர்க்கிறேன். நான்கு பேருக்கு இந்த அளவு போதும். சிறு துண்டுகளாக நறுக்கி, அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, வடிகட்டியில் பத்து நிமிடம் ஃபிரிட்ஜுக்குள் வைத்தால் தண்ணீர் இறங்கிவிடும். இல்லாவிட்டால் ரொட்டி நமத்துப் போகும். வடிந்த சாற்றை ரசத்தில் சேர்த்துவிடுவேன்.

இலைக்கு இத்தாலிக்காரர்கள் போடுவது பேசில். நம் திருநீற்றுப்பச்சிலையும் அதே செடி இனம்தான், ஃபலூடாவில் போடும் சப்ஜா விதை அதன் விதை. மணம் சற்றே மாறும், ஆனால் தொட்டியில் வளர்த்துப் பறித்துப் போட்டால் அருமையாக இருக்கும். துளசி வேறு இனம், அதன் காட்டம் இங்கே ஒட்டாது. இலையையும் ஓடும் தண்ணீரில் கழுவி, ஐந்தாறு மட்டும் கையால் கிள்ளிப் போடுங்கள்.

ரொட்டிக்கு இனிப்பில்லாததாகப் பாருங்கள். மில்க் பிரெட் ஒத்து வராது. புதுச்சேரி போய் வருபவர்கள் வாங்கி வரும் நீள பிரெஞ்சு ரொட்டி மிகப் பொருத்தம். நேற்று வாங்கியதாக இருந்தால் இன்னும் நல்லது. ஓரத்தில் பூஞ்சை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மற்றதைச் சாப்பிடாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே ஓடியிருக்கும். வெயில் காலத்தில் ரொட்டியின் நடுவில் அழுகிய அன்னாசிப் பழம் போல வாசனை வந்து, பிய்த்தால் நூல் நூலாக இழுத்தால் அதுவும் பாக்டீரியா வேலை, முழுதையும் தூக்கிப் போடுங்கள்.

ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் எட்டுத் துண்டு. காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல், மிதமான தீயில் இரு பக்கமும் பொன்னிறமாக வாட்டுங்கள். கருக விட வேண்டாம். சூடு ஆறும் முன், பாதியாக நறுக்கிய பூண்டுப் பல்லை ஒரு பக்கம் தேய்த்தால் அது கண்ணெதிரே கரையும். இரண்டு டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெயில் பாதியைத் தக்காளியில் கலந்து, மீதியை ரொட்டிமேல் விட்டு, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு தக்காளியை அள்ளி வையுங்கள். விருந்தாளிகள் நிறையப் பேர் என்றால், தக்காளிக் கிண்ணத்தை ஐஸ் நிரப்பிய பெரிய பாத்திரத்துக்குள் வைத்து, கேட்கக் கேட்க எடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குத் திரும்பிய மிச்சம் ரசத்துக்கு ஆகும். மாலை முழுக்க வெளியே கிடந்ததைக் கொதிக்க வைத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். கையிலிருந்து உணவுக்குப் போகும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா விட்டுச்செல்லும் நஞ்சு கொதியிலும் அழியாது. கர்ப்பிணிகள், கீமோதெரபி எடுப்பவர்கள், ரொம்ப வயதானவர்கள் வீட்டில் இருந்தால், தக்காளியை வாணலியில் நன்றாக வதக்கிச் சுடச்சுட வைத்துக் கொடுங்கள், அதுவும் ருசிதான்.

பெரம்பூர்ப் பெண் பிறகு ஒருமுறை போன் செய்தார். அதற்குள் நான் அவருக்கு அக்கா ஆகியிருந்தேன். ஆர்டரை இப்போது தனித்தனியாகக் கட்டி அனுப்புகிறாராம்: வெட்டிய ரொட்டி, உரிக்காத ஒரு பல் பூண்டு, குட்டி டப்பாவில் எண்ணெய், ஐஸ் பையோடு தக்காளி. “இந்தப் பூண்டு எதுக்குன்னு கேட்டு எல்லாரும் போன் பண்றாங்கக்கா. அதனால ஒரு சீட்டு எழுதி வச்சுடுறேன்” என்றவர், எழுதியதை எனக்குப் படித்தும் காட்டினார். ரொட்டியைத் தோசைக்கல்லில் வாட்டவும். சூடு ஆறும் முன் பூண்டைத் தேய்க்கவும். தக்காளியை வந்தவுடன் ஃபிரிட்ஜில் வைக்கவும். இன்றே சாப்பிடவும்.