லைட் எரிந்ததுதான், ஆனால் வண்டி ஓடியதே

டாஷ்போர்டில் தெர்மாமீட்டர் படம் சிவப்பாக எரிந்தால் வண்டியை ஓரம் கட்ட வேண்டும். இதைக்கூட எழுதி விளக்க வேண்டுமா என்றுதான் இவ்வளவு காலமும் பேசாமல் இருந்தேன். இந்த மாதம் கராஜுக்கு வந்து சேர்ந்த வாகனங்களைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

கடைசியாக வந்தது ஓர் அக்வா ஹைபிரிட் கார். நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போய்த் திரும்பும்போது வத்தளை நெரிசலில் லைட் எரிந்திருக்கிறது. பேலியகொடை, புறக்கோட்டை, காலி வீதி எல்லாம் தாண்டி வெள்ளவத்தையில் வீட்டு வாசல் வரைக்கும் அந்த லைட்டோடேயே ஓட்டி வந்திருக்கிறார். மறுநாள் காலையில் எஞ்சின் உதறுகிறது, பின்னால் வெள்ளைப் புகை. "ஏன் தம்பி நிறுத்தவில்லை?" என்று கேட்டேன். "லைட் எரிஞ்சதுதான் பாஸ், ஆனா வண்டி ஓடினதே" என்றார்.

ஓடத்தான் செய்யும். ஹைபிரிட் வண்டியில் எஞ்சின் சாகக் கிடந்தாலும் பட்டரி கொஞ்ச நேரம் கைகொடுக்கும். ஓடுகிறது என்பதற்காக நல்லாயிருக்கிறது என்று அர்த்தமில்லை.

சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டைக் கழற்றினால், அதற்கடியில் கசிவு இல்லாமல் அடைக்கும் கேஸ்கட் இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களுக்கு நடுவில் கருகி அறுந்திருந்தது. ஹெட்டின் அடிப்பக்கத்தில் இரும்பு நேர்கோலை வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகினேன், தடையே இல்லாமல் போகிறது. இந்த ரக அலுமினிய ஹெட்டுகளுக்குப் பொதுவாக அனுமதிக்கும் வளைவு 0.05 மில்லிமீட்டர், ஏ4 தாள் ஒன்றின் தடிப்பில் பாதி. அதற்கு மேல் போனால் லேத்துக்குக் கொடுத்து மட்டமாக்க வேண்டும். அதிலும் சரிவராவிட்டால் வேறு ஹெட் தேட வேண்டியதுதான். பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய ஹெட் கிடைக்கும், ஆனால் அது எந்த வண்டியில் கொதித்துக் கழன்றது என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம் தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு, அதன் மூடியைத் திறந்தேன். உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணப் படிவு, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வருகிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் இளஞ்சிவப்பு நிறம் மருந்துக்கும் இல்லை. "ஊருக்குப் போகும்போதெல்லாம் தண்ணீர் விட்டீர்களா?" என்றேன். "ஓம், மாமா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான். நல்ல தண்ணீர் பாஸ், குடிக்கிறதே அதைத்தான்."

யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கற்பாறை. அதற்குள்ளிருந்து வரும் கிணற்றுத் தண்ணீர் நாக்குக்கு இனிக்கலாம், கேத்தல் அடியில் என்ன படிகிறது என்று மாமியைக் கேட்டுப் பாருங்கள். அதே படிவுதான் ரேடியேட்டரின் ஒடுங்கிய குழாய்களுக்குள்ளும் ஏறும். கொழும்புப் பைப் தண்ணீர் அவ்வளவு கடினமில்லை, ஆனால் அதில் குளோரின் இருக்கிறது. எஞ்சினுக்குள் அதுவும் வேண்டாத விருந்தாளி.

இனி எனக்குக் கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். "கூலன்ட் எல்லாம் குளிர் நாட்டுக்காரனுக்கு. அங்கே தண்ணீர் உறையும். நம்ம கொழும்பில் எதற்கு?" இந்தக் கதையைப் படித்தவர், படிக்காதவர், த்ரீவீல் ஓட்டுபவர், டாக்டர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சில மெக்கானிக் பாஸ்மாரும் சொல்வதுதான் கொடுமை. உறையாமல் காப்பது கூலன்டின் வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான். நமக்குத் தேவைப்படுவது மற்ற வேலைகள்.

முதலாவது, கொதிநிலை. தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் அது 120 பாகை வரை தள்ளிப்போகும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் ஏழெட்டுப் பாகை கிடைக்கும். நெரிசலில் ஏசி போட்டுக்கொண்டு ஊரும் வண்டிக்கு அந்த ஏழெட்டுப் பாகைதான் உயிர். மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் பிடிக்காவிட்டால் நிலைமை இன்னும் மோசம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். அங்கே திறந்த பானையில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். பழைய மூடி, வெறும் தண்ணீர், அஞ்சு பேர், றம்பொடை ஏற்றம் எல்லாம் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, இதுதான் முக்கியம்: அரிப்பு. இன்றைய எஞ்சின்களில் ஹெட் அலுமினியம், பெரும்பாலும் பிளாக்கும் அலுமினியம், ரேடியேட்டரும் அலுமினியம். கூலன்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்துகள்தான் இவற்றைக் காப்பாற்றுகின்றன. வோட்டர் பம்பின் சீலும் அதை நம்பித்தான் இருக்கிறது. வெறும் தண்ணீர் விட்ட வண்டிகளில் பம்ப் அடியிலிருக்கும் சிறு துளையில் கசிவின் கறையைப் பார்க்கலாம். கொஞ்ச நாளில் பம்ப் போகும், பம்ப் போன கையோடு ஹெட்டும் போகும்.

"தண்ணீர்தானே சூட்டை நன்றாக வாங்கும்?" என்று ஒரு பொறியியலாளர் என்னோடு வாதாடினார். அவர் சொன்னது சரி. சூட்டை வாங்குவதில் வெறும் தண்ணீர்தான் கெட்டிக்காரன். அதனால்தான் தனிக் கூலன்டை அப்படியே ஊற்றக் கூடாது, கலக்க வேண்டும் என்கிறோம். ஆனால் உள்ளே துருவும் படிவும் ஏறிய பிறகு அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வைத்து என்ன செய்வது? எதிர்ப்பக்கமாக, "நல்ல சாமான்தானே, கூடப் போட்டால் என்ன" என்று அடர்கூலன்டை முழுக்க ஊற்றி வருபவர்களும் உண்டு. அதுவும் சூடேறும்.

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறம் என்பது சாயம், தரக்குறியீடு இல்லை. பச்சை என்றால் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். வண்டியோடு வந்த புத்தகத்தில் என்ன ரகம் என்று இருக்கும். ஜப்பான் மொழிப் புத்தகம் என்றால் தொலைபேசியில் படம் எடுத்து மொழிபெயர்க்கலாம், இப்போதெல்லாம் அது ஒரு நிமிட வேலை. டொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்ட் கலந்தே வருகிறது, அதில் மேற்கொண்டு தண்ணீர் விடத் தேவையில்லை. முதல் மாற்றம் 160,000 கிலோமீட்டரில், பிறகு 80,000க்கு ஒருக்கா என்பது கம்பனிக் கணக்கு. ரீகண்டிஷன் வண்டி வாங்கியவர்கள் அந்த 160,000ஐ நம்பி உட்கார வேண்டாம். மீட்டரில் தெரிவது உண்மையா என்பதே கேள்வி. வாங்கியவுடன் ஒருக்கா வடிவாக மாற்றிவிட்டு அங்கிருந்து கணக்கை வையுங்கள். கலக்கும் ரகம் என்றால் டிஸ்டில் வோட்டர் விடுங்கள். கடையில் பட்டரித் தண்ணீர் என்று கேட்டு வாங்குபவர்கள் லேபிளை வாசியுங்கள், பட்டரி அசிட்டும் அதே ராக்கையில்தான் இருக்கும்.

எண்ணெய் மாற்றுவதில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். எந்த எண்ணெய், எத்தனை கிலோமீட்டர் என்று என்னையே பாடம் எடுப்பார்கள். கூலன்டைக் கேட்டால் முழிப்பார்கள். "வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை பாஸ் பண்ணினேனே" என்று ஒருவர் சான்றிதழையே நீட்டினார். அந்த மெஷின் புகைக்குழாயைத்தான் பார்க்கும் ஐயா, ரேடியேட்டருக்குள் பார்க்காது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வைத்தியத்தையும் சொல்ல வேண்டும். "நம்ம வெயிலுக்கு அது தேவையில்லை" என்று கழற்றிவிடுகிறார்கள். எஞ்சின் தன் வேலைச் சூட்டுக்கு வராவிட்டால் பெற்றோலை அள்ளி ஊற்றும். ஹைபிரிட்டில் இன்னும் மோசம், சூடு வராத வரைக்கும் எஞ்சின் அணைய மறுக்கும், அப்புறம் "முந்தி மாதிரி லீட்டருக்கு ஓடவில்லை" என்று என்னிடமே வருவார்கள். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியையும் அடைக்கும். அதைக் கழற்றினால் கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும், குளிர்வதற்குப் பதிலாக இன்னும் கொதிக்கும். ஃபேனை சாவியோடு நேராக வயர் பண்ணி எந்நேரமும் ஓடவிடுவதும் இதே ரகம். ரேடியேட்டர் ஓட்டைக்கு மஞ்சள் தூள் போடுவதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. மஞ்சள் தட்டுப்பாடான காலத்திலாவது நிறுத்துவார்கள் என்று பார்த்தேன்.

சரி, லைட் எரிந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் ஒரு விஷயம் விளங்க வேண்டும். விட்ஸ், வேகன்-ஆர் மாதிரி வண்டிகளில் சூடு காட்டும் முள்ளே இல்லை. எஞ்சின் குளிராக இருந்தால் நீல லைட், எல்லை தாண்டினால் சிவப்பு லைட், நடுவில் என்ன நடக்கிறது என்று ஒன்றும் சொல்லாது. ஆகவே சிவப்பு என்பது முன்னறிவிப்பு இல்லை, கடைசி அறிவிப்பு. முள் உள்ள வண்டிக்காரரும் ஏமாறலாம். கூலன்ட் முழுக்க ஒழுகிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், முள் கீழே இறங்கும். "ஆறிவிட்டது" என்று சந்தோஷப்பட்டு மிதிப்பார்கள்.

ஏசியை நிறுத்துங்கள், ஓரம் கட்டுங்கள். ஓரம் கட்ட இடம் கிடைக்கும்வரை ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ப்ளோவரைக் கூட்டுங்கள். உள்ளே வெந்து போகும், பரவாயில்லை, எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை அது வெளியே இழுக்கும். ஆவி தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், உடனே எஞ்சினை அணையுங்கள். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிப்பான், அடிக்கட்டும்.

மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே இருப்பது கொதிநிலையைத் தாண்டிய தண்ணீர், மூடி திறந்த அதே கணத்தில் ஆவியாகி முகத்துக்கும் நெஞ்சுக்கும் பாயும். துணி சுற்றித் திறந்தால் சரி என்பதும் பொய். என்னிடம் வேலை பழகிய பையன் ஒருவனின் முன்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. முக்கால் மணி நேரமாவது பொறுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வைத்து வைத்தபடி இருக்க முடிந்தால் மட்டும் திறக்கலாம். கொதிக்கும் எஞ்சின் மேல் வாளியால் தண்ணீர் அடிக்காதீர்கள், வளையாத ஹெட்டையும் வளைத்துவிடுவீர்கள்.

ஏ9 வீதியில் காட்டு நடுவில் நிற்கிறீர்கள், கூலன்ட் இல்லை என்றால் போத்தல் தண்ணீரை விடுங்கள், தப்பில்லை. ஆறிய பிறகு, மெதுவாக. ஆனால் வந்து சேர்ந்ததும் முழுக்க வடித்துக் கழுவி மாற்ற வேண்டும், காற்றையும் சரியாக எடுக்க வேண்டும். தண்ணீர் ஏன் குறைந்தது என்றும் தேடச் சொல்லுங்கள். ஹைபிரிட்டில் பட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு மாற்றிக் கொடுக்கும் இன்வர்ட்டருக்குத் தனிக் கூலன்ட் சுற்று, தனிப் போத்தல். அதையும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

"இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். என் கராஜில் ஹெட் கழன்ற பெரும்பாலான வண்டிகளைச் சாகடித்தது அந்த ரெண்டு கிலோமீட்டர்தான். இழுவை வண்டிக்குக் கொடுக்கும் காசு வலிக்கும், தெரியும். ஹெட் வேலையின் பில்லைப் பார்த்த பிறகு அது வலியாகவே தெரியாது. 2020இல் இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழிவிட்டார்கள். இப்போது வரும் வண்டிகளின் விலையும் உங்களுக்குத் தெரியும். கையில் இருப்பதை வைத்துத்தான் கனபேர் இன்னும் கனகாலம் ஓட்ட வேண்டியிருக்கிறது.

மாதம் ஒருக்கா, காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பொனெட்டைத் திறந்து ரிசர்வ் போத்தலைப் பாருங்கள். மட்டம் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அடிக்கடி குறைந்தால் எங்கோ போகிறது, நிரப்பிக்கொண்டே இருப்பது வைத்தியமில்லை. பழுப்பாக இருந்தால் துரு. எண்ணெய் மிதந்தால் அன்றைக்கே கொண்டு வாருங்கள். மரைன் டிரைவ் பக்கம் நிறுத்துபவர்கள் ரேடியேட்டரின் முன்பக்கத் தகடுகளையும் பாருங்கள், உப்புக் காற்றில் பொடிப்பொடியாக உதிரும். முள் இல்லாத வண்டிக்கு ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகும் சின்ன ஓபிடி கருவி ஒன்று வாங்கினால் எஞ்சின் சூட்டைத் தொலைபேசியிலேயே பார்க்கலாம். ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று யாராவது சொன்னால், கழற்றுவதற்கு முன் ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எரிந்த வாயு கசிந்தால் பெற்றோல் வண்டியில் அது மஞ்சளாக மாறும். சில வேளை மூடி ஒன்றை மாற்றினாலே போதும் என்று முடியும். அந்த மூடியையும் பழையதில் எழுதியிருக்கும் அதே அழுத்தத்துக்குத்தான் வாங்க வேண்டும்.

இன்னொன்று, வீட்டில் தாங்களாகவே கூலன்ட் மாற்றுபவர்களுக்கு. வடித்ததைக் கானில் ஊற்றாதீர்கள், சோடாப் போத்தலில் நிரப்பிக் குசினி மூலையில் வைக்காதீர்கள். பார்க்க நிறமாக இருக்கும், நக்கினால் இனிக்கும், எதிலீன் கிளைக்கோல் என்ற அந்தச் சாமான் சிறுநீரகத்தைக் கெடுத்து ஆளையே கொல்லும். பிள்ளைகளும் நாயும் பூனையும் இருக்கும் வீடென்றால் வடித்த கையோடு மூடி இறுக்கி, மேலே பெரிதாக எழுதி, கராஜில் கொண்டுவந்து கொடுங்கள். நாங்கள் காசு கேட்க மாட்டோம்.