ஒரு பொட்டலம், ஒரு லிட்டர் தண்ணீர்

சென்ற கோடையில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றை விடியற்காலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. தொட்டாலே அலறியது, வந்த சற்று நேரத்தில் வலிப்பும் வந்துவிட்டது. இரத்தத்தில் சோடியம், அதாவது உப்பில் இருக்கும் சத்து, மிக அதிகமாக ஏறியிருந்தது. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை டம்ளர் தண்ணீரில் கலந்து கொடுத்தோம் டாக்டர்" என்றார் பாட்டி. ஓ.ஆர்.எஸ். என்பது போக்கில் இழந்த நீரை ஈடுகட்ட வாய்வழியே குடிக்கும் உப்பு, சர்க்கரைக் கரைசல். அவர்கள் கலந்தது ஒரு லிட்டருக்கான பொட்டலம். முதலில் பார்த்த மருத்துவர் சீட்டில் பெயரை மட்டும் எழுதியிருக்கிறார். எவ்வளவு தண்ணீர் என்று யாரும் சொல்லவில்லை. பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பொட்டலம் நம் கைக்கு வந்து சேர்ந்த பாதையை நினைத்தால் இந்தத் தவறு இன்னும் வலிக்கிறது. 1960இல் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர், குடல் சுவரில் சர்க்கரையும் சோடியமும் ஒரே வாசல் வழியாகச் சேர்ந்தே உள்ளே போகின்றன என்று விளக்கினார். அவை போனால் தண்ணீரும் பின்தொடரும். காலரா நஞ்சு குடலிலிருந்து நீரை வெளியே கொட்டச் செய்தாலும் இந்த வாசலை அடைப்பதில்லை. உப்பும் சர்க்கரையும் சரியான விகிதத்தில் இருந்தால், நீர் போய்க்கொண்டிருக்கும்போதே உள்ளேயும் ஏற்றலாம். 1968இல் டாக்காவில் டேவிட் நளினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளிடம் இதை நிரூபித்தார்கள்.

ஆனாலும் வாய்வழிக் கரைசலை நம்பப் பலர் தயங்கினார்கள். 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் எல்லையோர ஊரான போங்கானில் அகதிகளிடையே காலரா பரவியது. மருத்துவமனைத் தரையெல்லாம் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் நிறுத்துப் பொட்டலமாகக் கட்டவைத்தார். கரைசலைக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தவர்கள் நோயாளிகளின் உறவினர்களே. முப்பது சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு, அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களிடையே நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. மருந்தை நோயாளியின் வீட்டாரிடமே ஒப்படைக்கலாம் என்று துணிந்ததுதான் அவருடைய பெரிய சாதனை என்பேன்.

இன்றைய உலக சுகாதார நிறுவனக் கலவையில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் இருக்கும். தண்ணீர் குறைந்தால் உப்பு ஏறிவிடும், அந்தக் குழந்தைக்கு நடந்ததுபோல. சர்க்கரை கூடினால் அது குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். கடையில் விற்கும் இனிப்புப் பானங்களை நான் வேண்டாம் என்பது இதனால்தான். இத்தகைய பானங்களின் அட்டையில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயர் இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. நல்ல முடிவு, முன்பே வந்திருக்க வேண்டும்.

பொட்டலத்தில் 200 மில்லியா, ஒரு லிட்டரா என்று பார்த்து, கொதித்து ஆறிய தண்ணீரை அளந்து, முழுப் பொட்டலத்தையும் கொட்டிக் கலக்குங்கள். 24 மணி நேரம் தாண்டினால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை வெளிக்குப் போன பிறகும் 50 முதல் 100 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மருத்துவர் தரும் துத்தநாக மாத்திரையைப் போக்கு நின்ற பிறகும் சொன்ன நாள்வரை கொடுங்கள். மலத்தில் இரத்தம், சோர்ந்து கிடத்தல், குடிக்க முடியாமை, சிறுநீர் போகாமை இருந்தால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

அந்தக் குழந்தையின் சோடியத்தை மெல்ல மெல்லத்தான் இறக்க முடிந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனது. போகுமுன் பாட்டியிடம் ஒரு லிட்டர் பாட்டிலும் பொட்டலமும் கொடுத்து, என் எதிரிலேயே கலக்கச் சொன்னேன். இப்போது சீட்டில் எழுதுவதோடு நான் நிறுத்துவதில்லை. வருகிற ஒவ்வொருவரையும் ஒரு முறை கலந்து காட்டச் சொல்கிறேன்.