பவள நடவு: சொல் விளக்கம்

'கோரல் டிரான்ஸ்பிளான்டேஷன்' என்பதைப் பவள இடமாற்றம் என்று எழுதினால் ஏதோ மாறுதல் உத்தரவு வந்ததுபோல இருக்கிறது. 'உறுப்பு மாற்று' பாணியில் பவள மாற்று என்றால் எதை எடுத்து எதை வைத்தார்கள் என்ற குழப்பம். பவள நடவு என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பொருள் எளிது. கப்பல் மோதியோ வெடி வைத்து மீன் பிடித்தோ சிதைந்துபோன பவளப்பாறையில் உயிருள்ள பவளத் துண்டுகளைப் பதித்து மீண்டும் வளரவிடுவது.

கோரல் என்பது கொராலியொன் என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. நம் 'பவளம்', பிரவாளம் என்ற வடமொழிச் சொல்லோடு உறவுடையது. பவளத்துக்கு இன்னொரு பழந்தமிழ்ச் சொல் துகிர். பட்டினப்பாலையில் 'குணகடல் துகிரும்' என்று வருகிறது. ஆனால் துகிர் நகைக்கான செம்பவளம். அது பாறை கட்டும் இனமல்ல. பாறை கட்டும் பவளத்துக்கு ஈழத்தமிழில் முருகைக்கல் என்ற அருமையான சொல் இருக்கிறது. இங்கே ஏனோ பரவவில்லை.

டிரான்ஸ்பிளான்டேஷனில் இருப்பவை அப்பால், நடுதல் என்ற பொருள்தரும் இலத்தீன் சொற்கள். பவளம் செடியல்லவே, நடலாமா என்று கேட்கலாம். உண்மைதான், அது பாலிப் என்னும் சிற்றுயிர்களின் கூட்டம், ஜெல்லிமீனுக்கு உறவு. ஆனால் மான்கொம்புப் பவளம் போன்ற கிளைவிடும் இனங்கள் புயலில் ஒடிந்தால், விழுந்த துண்டு ஏற்ற இடத்தில் ஒட்டிக்கொண்டு தனிக் கூட்டமாக வளர்ந்துவிடும். மனிதர் செய்வது அதன் நகல்தான்.

செய்முறையும் சொல்லுக்கு ஒத்துவருகிறது. ஒடிந்து கிடக்கும் துண்டுகளையோ நல்ல கூட்டத்திலிருந்து வெட்டிய விரல் நீளக் கிளைகளையோ முதலில் கடலுக்குள்ளேயே ஒரு நாற்றங்காலில் வளர்க்கிறார்கள். பிளாஸ்டிக் குழாயால் ஆன 'மரத்தில்' தூண்டில் நரம்புக் கயிறு கட்டித் தொங்கவிடுவது ஒரு வழி. கயிற்றில் பாசி படியும். முக்குளித்துப் போய்த் தேய்த்து எடுக்க வேண்டும். துண்டு பெருத்ததும் சிதைந்த பாறைக்குக் கொண்டுபோய், கம்பி பிரஷால் பாசியைச் சுரண்டி, எபாக்சி பசையோ சிமென்டோ ஓர் உருண்டை வைத்து அழுத்துகிறார்கள். துண்டு ஆடாமல் நின்றால் நாளடைவில் பவளத்தின் சதை அந்த உருண்டையின் மேலேயே படர்ந்து மூடிவிடும். அதன்பிறகு அதைப் பிரித்தெடுக்க முடியாது. இந்த இரண்டு கட்ட முறைக்குப் 'பவளத் தோட்டக்கலை' என்று பெயர். 1990களில் இதை முன்வைத்தவர் இஸ்ரேலைச் சேர்ந்த பாருக் ரிங்கெவிச்.

நடவைப் பற்றி எழுதுபவர்கள் பலர் இதைச் சர்வரோக நிவாரணியாகக் காட்டுவது எனக்கு உவப்பில்லை. கப்பல் இடித்த காயத்துக்கு நடவு உதவும். கடல் சூடாவதற்கு உதவாது. வெப்பம் கூடினால் பவளம் தன் சதைக்குள் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போகும், நட்டதும் அதற்கு விலக்கல்ல. 2023 கோடையில் ஃபுளோரிடாவில் கடல் கொதித்தபோது, நாற்றங்கால் பவளங்களை அள்ளிக்கொண்டு கரையிலுள்ள தொட்டிகளுக்கு ஓட வேண்டியிருந்தது. அதனால் நடவைப் 'பவளப்பாறை மீட்டெடுப்பு' என்று எழுதுவது சரியல்ல. மீட்டெடுப்பு பெரிய வேலை. கழிவுநீரைத் தடுப்பது, மீன்பிடியை ஒழுங்கு செய்வது எல்லாம் அதில் அடங்கும்.

அப்புறம், செயற்கைப் பாறை என்பதும் வேறு. கடலடியில் சிமென்ட் கட்டைகளை இறக்குவது அது. அதில் பவளம் நட்டால்தான் இந்தச் சொல் பொருந்தும்.

இன்னொரு முறையும் உண்டு. பவளங்கள் கூட்டமாக முட்டையும் விந்தும் விடும் இரவுகளில் அவற்றைச் சேகரித்து, இளம்புழுக்களாக வளர்த்துப் பாறைமேல் விடுவார்கள். ஒரே கூட்டத்தில் வெட்டிய துண்டுகள் எல்லாம் மரபணுவில் ஒன்றே. ஒரு நோய் வந்தால் மொத்தமும் போகலாம். புழுக்களோ ஒவ்வொன்றும் வெவ்வேறு. இதையும் நடவு என்று எழுதிவிடுகிறார்கள். பவள விதைப்பு என்பதே பொருத்தம்.